ஆலை முதலாளியின் திட்டமும் புது மென்பொருளும்: நடுவில் நிற்கிற முகாமையாளர் எங்கிருந்து தொடங்கவேணும்?

கேள்வி: சம்மாந்துறை மில்

எல்லாருக்கும் வணக்கம், சலாம்.

நாளுக்கு 20 தொன் நெல் அடிக்கிற ஒரு அரிசி ஆலையில் செயற்பாட்டு முகாமையாளர் பொறுப்பு. கல்முனை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிகுடி, செங்கலடி என்று நாலு டிப்போ, 11 ரெப்மார் (விற்பனைப் பிரதிநிதிகள்), 6 லொறி. பணிப்பாளர்கள் மூன்று முடிவு எடுத்திருக்கிறார்கள். மூடை விற்பதைக் குறைத்து, சொந்தப் பெயரில் 5 கிலோ, 10 கிலோ பைகளை நகரக் கடைகளுக்கும் சுப்பர்மார்க்கெட்டுகளுக்கும் கொடுப்பது. கடன் வசூல் இப்போது சராசரி 45 நாள், அதை 21 ஆக்குவது. நெல்லைக் கண் மதிப்பில் வாங்காமல் ஈரப்பதன் பார்த்து வாங்குவது.

இதற்காகக் கொழும்பு மென்பொருள் கொம்பனி ஒன்றோடு மாதச் சந்தாவுக்குப் பேசியாயிற்று. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக நெல் வர முதல் எல்லாம் ஓடவேணும் என்று மேலிடம் சொல்கிறது. இப்போதும் ஒரு பில்லிங் மென்பொருள் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பகல் முழுக்கக் கொப்பியில் எழுதி, இரவு 7 மணிக்குப் பிறகு அலுவலகத்துப் பெண்பிள்ளை ஒருவர் இருந்து கணினியில் அடிக்கிறா. அதனால் கணினியில் தெரிகிற இருப்பு எப்போதும் ஒரு நாள் பழையது.

கேட்க வந்தது மூன்று. இந்த மூன்று முடிவையும் மென்பொருள் வேலையாக எப்படிப் பிரிப்பது, எதை முதல் எடுப்பது? "எங்கட சிஸ்டத்தில எல்லாம் இருக்கு" என்கிற கொம்பனிக்காரரிடம் எதைச் செய்து காட்டச் சொல்வது? திகதி சரிவராது என்பதை மேலே எப்படி எழுதுவது?


பதில்: வாவிக்கரை

உங்கட மூன்று முடிவில் இரண்டு ஒன்றோடொன்று முட்டுகிறது. அதை முதல் மேலே சொல்லுங்க, மென்பொருள் பேச்சு மறுகா. சங்கிலி சுப்பர்மார்க்கெட்டுகள் காசு தருவது பெரும்பாலும் 30 நாளுக்குப் பிறகுதான், 45, 60 என்றும் இழுபடும். பை அரிசி அங்கே எவ்வளவு ஓடுதோ அவ்வளவுக்கு உங்கட வசூல் நாள் சராசரி ஏறும். அப்போ 21 என்பது கடைத்தெருக் கடனுக்கு மட்டுமா, மொத்தத்துக்குமா? இதைத் தீர்க்காமல் கணினியில் ஒரே எண்ணைப் போட்டால், களுவாஞ்சிகுடி ரெப் ஒழுங்காக வசூலித்தாலும் அறிக்கையில் குற்றவாளியாகத்தான் நிற்பார். வாடிக்கையாளரை இரண்டு வகையாகப் பிரித்து, கடைத்தெருவுக்கு 21, சங்கிலிக் கடைக்கு ஒப்பந்தத் தவணை என்று எழுத்தில் வாங்குங்க. இந்த முட்டல் மேலிடத்துக்கும் தெரியாது, கொழும்பிலிருந்து வருகிற கணினிக்காரருக்கும் தெரியாது. விற்பனையையும் வசூலையும் ஒரே நாளில் பார்க்கிற உங்களுக்குத்தான் தெரியும்.

வரிசையில் கடனை முதல் வையுங்க. நாளுக்கு 10 லட்சம் ரூபா கடன் விற்பனை என்று வைத்தாலும், 24 நாள் குறைந்தால் 2 கோடி 40 லட்சம் தெருவிலிருந்து கைக்கு வருகிறது. நெல் வாங்க எடுக்கிற வங்கிக் கடனில் அந்த அளவு குறையும். மற்ற இரண்டுக்கும் வேண்டிய செலவை இதுவே சுமக்கும்.

இனி எப்படிப் பிரிப்பது. ஒவ்வொரு முடிவையும் எடுத்து, "இதனால் எந்த ஆள், எந்த இடத்தில், எந்த நேரம் இன்று செய்வதை விட்டு வேறொன்று செய்யப்போகிறார்?" என்று கேளுங்க. 21 நாள் முடிவுக்கு அந்த இடம் கடை வாசல். லொறி நிற்குது, கடைக்காரர் 10 மூடை இறக்கச் சொல்கிறார், ரெப் இறக்குவதா இல்லையா. அந்த நிமிசத்தில் ரெப்பின் போனில் இரண்டு விசயம் தெரிந்தால் போதும்: கட்டாத பில்லில் மிகப் பழையதன் திகதி, மொத்த நிலுவை. மாத முடிவில் வருகிற நீள அறிக்கையால் அந்த வாசலில் ஒரு பயனும் இல்லை.

இந்த இரண்டு எண்ணும் சரியாகத் தெரிய, பின்னால் நாலு விசயம் ஒழுங்காக இருக்கவேணும். பிழைப்பதெல்லாம் இங்கேதான்.

வசூல் எந்தப் பில்லுக்கு என்று பதியவேணும். கடைக்காரர் 50,000 கொடுத்தார் என்று பொதுவாகப் பதிந்தால், எது பழைய பில் என்பதே தெரியாமல் போகும். பழைய பில் முதல் கழியும் என்று விதி வையுங்க. சரக்குத் தகராறில் நிற்கிற பில்லை மட்டும் தனியே குறித்து வைக்க இடம் கேளுங்க.

பின்திகதிக் காசோலை பெரிய பொறி. எங்கட பக்கம் கடைக்காரர் பாதிப்பேர் 30 நாள் தள்ளித்தான் செக் எழுதுவார்கள். செக் கைக்கு வந்த அன்றே காசு வந்ததாகப் பதிந்தால், நிலுவை பூச்சியமாகும், ரெப் அடுத்த லோட்டையும் இறக்குவார், செக் திரும்பி வரும்போது இரண்டு லோட் வெளியே நிற்கும். கையில் உள்ள செக்குக்குத் தனிக் கணக்கு இருக்கவேணும். வங்கியில் காசானால் மட்டும் பில் மூடவேணும். கொம்பனிக்காரரிடம் கேட்க உங்களுக்கு முதல் சோதனை இதுதான்: ஒரு பில் போடுங்க, 30 நாள் தள்ளிய செக் ஒன்று எடுங்க, அதைத் திருப்பி அனுப்புங்க, இப்போ அந்தக் கடையின் மிகப் பழைய பில் எத்தனை நாள் என்று காட்டுங்க. பழைய பில்லின் முதல் திகதி அப்படியே திரும்பி வரவேணும். புதுத் திகதியில் புது நிலுவையாக வந்தால் அந்த மென்பொருளுக்கு இங்கத்தை வியாபாரம் விளங்கவில்லை.

மூன்றாவது, கடைப் பட்டியல். ஒரே கடை தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல், மகனின் பெயரில் இன்னொன்று என்று நாலு இலக்கத்தில் கிடக்கும். கடன் நிறுத்தம் வந்த மறுநாளே ரெப் புது இலக்கம் திறப்பார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, மாத இலக்கு அவர் தலையில். தொலைபேசி எண்ணை அடையாளமாக வைத்து ஒருமிக்கச் சேருங்க. புதுக் கடை திறக்கும் உரிமையை டிப்போவிலிருந்து எடுத்து உங்கட மேசைக்குக் கொண்டுவாங்க.

கடைசியாக, நிறுத்தத்தை மீறும் உரிமை. பழைய கடைக்காரர் நேரே முதலாளிக்கு எடுப்பார், அவரும் "இறக்கிக் குடுங்க" என்பார். இதைத் தடுக்கப் பார்க்கவேண்டாம், முதலாளிக்கு அந்த உரிமை இருக்கத்தான் வேணும். ஆனால் மீறியது யார், எவ்வளவு, ஏன் என்ற மூன்றும் பதியாமல் லோட் போகக்கூடாது. கிழமைக்கு ஒருதரம், திங்கட்கிழமை காலை என்று வையுங்க, மீறல்களை மட்டும் ஒரு தாளில் அவருக்கு முன்னால் வையுங்க. விளக்கம் வேண்டாம். தானே கொடுத்த அனுமதிகளைக் கூட்டிப் பார்க்கும்போது அவரே முடிவைத் திருத்துவார், அல்லது 21 என்ற எண்ணைத் திருத்துவார். இரண்டும் நல்லதே.


பதில்: தராசடி

நெல் வாங்கும் பக்கம் எழுதுகிறேன்.

"ஈரப்பதன் பார்த்து வாங்குவது" என்ற வசனத்துக்குள் ஒரு விலை முடிவு ஒளிந்து கிடக்கிறது. மேலிடம் அதை இன்னும் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். 14 சதவீத ஈரம் அடிப்படை. 20 சதவீத ஈரத்தில் 1000 கிலோ வருகிறது. கூடுதல் 6 சதவீதத்தைச் சும்மா கழித்தால் 940 கிலோவுக்குக் காசு. உலர்ந்த எடைக் கணக்கில் பார்த்தால் 1000 ஐ 80 ஆல் பெருக்கி 86 ஆல் வகுக்கவேணும், 930.2 கிலோ. தொன்னுக்கு 9.8 கிலோ வித்தியாசம். 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த நாட்டு நெல் விலை கிலோ 120 ரூபாவை வைத்தால் தொன்னுக்கு 1,176 ரூபா, உங்கட 20 தொன்னுக்கு நாளொன்றுக்கு 23,520 ரூபா. 24 சதவீத ஈரத்தில் வித்தியாசம் தொன்னுக்கு 16.3 கிலோவாக ஏறும். சும்மா கழித்தால் விவசாயிக்குச் சாதகம், உலர் கணக்கு ஆலைக்கு நேர்.

எதைப் பிடிப்பது என்பது கணினி ஆள் தீர்க்கிற விசயம் இல்லை. போட்டிக்கு நிற்கும் ஆலைகளிடமிருந்து நெல்லை இழுக்கவேணும் என்பது திட்டமென்றால் சும்மா கழிப்பதே சரி, ஏனென்றால் பெரிய வயற்காரரான போடியாரும் தன் வாயாலேயே கணக்குப் பார்த்துவிடுவார். அரிசித் தரமும் செலவும்தான் முக்கியம் என்றால் உலர் கணக்கு, ஆனால் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு அட்டவணை தொங்கவேணும்: 15 முதல் 24 வரை ஒவ்வொரு சதவீதத்துக்கும் 1000 கிலோவுக்கு எத்தனை கிலோ காசாகும் என்று. நீங்கள் கேட்காவிட்டால், கொம்பனியில் நிரல் எழுதும் தம்பி தனக்கு விளங்கியதைப் போட்டுவிடுவார், மூன்று மாதம் போனபிறகுதான் தெரியவரும்.

மானி பற்றி. ஈரமானி ஒவ்வொரு நெல்லினத்துக்கும் தனித்தனியே ஒப்புச் சரிபார்க்கவேணும், சம்பாவுக்கு வைத்த அளவில் நாட்டு நெல்லைப் பார்க்கக்கூடாது. வெயிலில் நின்ற லொறியிலிருந்து சுடச்சுட எடுத்த மணி பிழையான எண் காட்டும், நிழலில் ஆறவிட்டுப் பாருங்க. அறுவடை மெசினால் வெட்டிய அன்றே வருகிற நெல்லில் ஒரே லோட்டுக்குள்ளே ஈரம் மாறும். மேல் மூடையில் மட்டும் குத்திப் பார்த்தால் அடியில் கிடப்பது தெரியாது. லோட்டுக்கு ஐந்து இடத்தில் குத்தி, கலந்து, மூன்று தரம் பார்த்துச் சராசரி போடுங்க. அந்த மூன்று எண்ணும் சீட்டில் இருக்கவேணும், சராசரி மட்டும் போதாது. விவசாயி கேட்டால் காட்ட அதுதான் ஆதாரம்.

தராசு. எடையைக் கையால் அடிக்கிற வசதி திறந்து கிடக்கும்வரை கணினி வைத்தும் வைக்காத மாதிரித்தான். தராசின் காட்டியிலிருந்து (எடை தெரியும் திரை) ஆர்எஸ்-232 தரவுக் கம்பி வழியாக எடை நேரே வரவேணும். அந்தக் கம்பி 15 மீற்றருக்கு மேல் போனால் எண் குழம்பும், தராசு மேடையிலிருந்து அலுவலகம் தூரமென்றால் கணினியைத் தராசடிக்குக் கொண்டுபோங்க. லொறி ஆடிக்கொண்டு நிற்கும்போது எடையை எடுக்காமல், நிலைத்த எடை என்று அந்தத் திரை சொல்லும்வரை பொத்தான் வேலை செய்யக்கூடாது. வெறும் லொறியின் எடையை ஒவ்வொரு தடவையும் எடுங்க. பழைய எடையைச் சேமித்து வைத்துப் பாவித்தால் டீசல் தொட்டியும் மேலே கிடக்கிற தறப்பாளும் நெல்லாகக் கணக்கில் ஏறும்.

கொம்பனிக்காரரை மடக்குகிற இடம் இன்னொன்று. கடை மென்பொருள்கள் பல பொருள் சேர்த்து ஒரு பொருள் செய்வதைக் கணக்குப் பார்க்கும், கேக் செய்வது மாதிரி. நெல் குத்துவது அதற்கு மறுபக்கம். ஒன்று உள்ளே போய் அரிசி, குருணல், தவிடு, உமி என்று நாலு வெளியே வருகிறது. 100 கிலோ நெல்லில் உமி மட்டும் 20 கிலோ அளவு, தவிடு 8 முதல் 10. முழு அரிசியும் குருணலும் சேர்ந்து 60 முதல் 66 வரை வந்தால் சாதாரண ஆலைக்கு நல்லது. "10 தொன் நெல் போடுகிறேன், நாலு பொருளாகப் பிரித்து, விலைப் பெறுமதிப்படி செலவைப் பங்கிட்டுக் காட்டுங்க" என்று சொல்லுங்க. முழுச் செலவையும் அரிசியில் ஏற்றித் தவிட்டை இலவசமாகக் காட்டும் மென்பொருளில் பை அரிசியின் அடக்கவிலை கூடத் தெரியும். அதைப் பார்த்து முதலாளி சுப்பர்மார்க்கெட் விலையை ஏற்றிச் சொல்வார், ஒப்பந்தம் போய்விடும். புழுங்கலுக்கு ஊறவைத்த பின் எடை கூடும், ஆகவே கணக்கை ஊறப்போடும் முன் எடையிலிருந்து தொடங்குங்க.


சம்மாந்துறை மில்:

தராசடி சொன்ன கழிவுக் கணக்கை யாருமே இங்கே பேசவில்லை, நாளைக்கே கேட்கிறேன். பை பொதி செய்வதைப் பற்றியும், தமிழில் பில் அடிப்பதைப் பற்றியும் யாரும் தெரிந்தவர் சொல்லுங்க. ரெப்மாருக்கு இங்கிலீஷ் பில் சரிவராது, கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி கொப்பியில்தான் எழுதச் சொல்கிறார்.


பதில்: கல்லடிப்பாலம்

தமிழ் பில் பற்றி. சிறு வெப்ப அச்சுப்பொறிகளுக்குள் இருக்கும் எழுத்துத் தொகுப்பில் தமிழ் இராது. எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறியாகத்தான் வரும். பில்லைப் படமாக்கி அனுப்பவேணும். 80 மில்லிமீற்றர் தாளுக்கு அச்சு அகலம் 72, மில்லிமீற்றருக்கு 8 புள்ளி, ஆகவே 576 புள்ளி அகலப் படம். படமாக அடித்தால் கொஞ்சம் மெதுவாகும், இடுப்பில் மாட்டுகிற சிறு பொறியில் பற்றரியும் கெதியாக இறங்கும். ரெப் ஒருவருக்கு மாற்றுப் பற்றரி ஒன்று கணக்கில் போடுங்க. வெப்பத்தாளில் எழுத்து மங்கும், லொறியின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்தால் கறுத்தே போகும். நிலுவைக்கு ஆதாரமாகக் கடைக்காரர் வைத்திருக்கவேண்டிய பில்லை டிப்போவில் சாதாரணத் தாளில் கிழமைக்கு ஒருமுறை கணக்குக் கூற்றாக அடித்துக் கொடுங்க.

பழைய மென்பொருளில் கடைப்பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருந்தால், உள்ளே கிடப்பது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகளின் கோர்வை. அப்படியே புதிய கணினிக்கு ஏற்றினால் ஒரு பெயரையும் தேட முடியாது. ஏற்ற முதல் யுனிகோடுக்கு மாற்றுங்க. மாற்றும்போது கெ, கே, கொ, கோ எழுத்துகளில் கொம்பும் கால்களும் இடம் மாறிக் குழம்பும், இவற்றையும் கௌ, ஸ்ரீ வருகிற பெயர்களையும் கையால் பாருங்க. ஒரே பெயரில் பாமினியும் ஆங்கிலமும் கலந்து கிடந்தால் மாற்றும் மென்பொருள் அந்த ஆங்கிலத்தையும் தமிழாக்கிக் குழப்பும், அவற்றை முதலே பிரித்தெடுங்க.

பொதி. சுப்பர்மார்க்கெட்டுக்குப் பட்டைக்குறி (பார்கோட்) இல்லாமல் உள்ளே போகமுடியாது, இலங்கைக்கான முன்னிலக்கம் 479. இனம், அளவு ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி வேணும். மூன்று இனம், இரண்டு அளவு என்றால் ஆறு. பை அச்சடிக்கக் கொடுக்க முதல் குறி கையில் இருக்கவேணும், பிந்தினால் ஒட்டுத்தாள் ஒட்டவேண்டி வரும். ஆலைக்குள் இருப்பு கிலோவில், பொதிக்குப் பிறகு பை எண்ணிக்கையில் போகும். இந்த மாற்றத்தில்தான் சரக்குக் காணாமல் போகும். 5 கிலோப் பையில் 30 கிராம் கூடப் போட்டாலே 0.6 சதவீதம், நாளுக்கு 10 தொன் பொதி செய்தால் 60 கிலோ அரிசி விலையில்லாமல் வெளியே போகிறது. மென்பொருளில் பொதித் தொகுதி ஒவ்வொன்றுக்கும் உள்ளே போன கிலோ, வெளியே வந்த பை, மிச்சம் என்று மூன்று எண் கேளுங்க. 20 பைக்கு ஒன்று நிறுத்துப் பார்த்து அதையும் பதியுங்க.

இணையம், மின்சாரம். மண்முனைப் பக்கமும் படுவான்கரையிலும் ரெப் போகும் பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும். போனில் பில் அடிப்பது இணையமில்லாமல் ஓடவேணும், சிக்னல் கிடைத்ததும் தானாக ஏறவேணும். செய்து காட்டச் சொல்லும்போது போனை விமானப் பயன்முறையில் (ஃபிளைட் மோட்) போட்டு 10 பில் அடித்துக் காட்டச் சொல்லுங்க. மறுகா இரண்டு போனில் ஒரே கடைக்கு ஒரே நேரம் பில் அடித்து, இரண்டையும் இணையத்தில் விட்டு, கடன் எல்லை என்ன ஆகிறது என்று பாருங்க. பல மென்பொருள்கள் இங்கேதான் விழும். டிப்போக் கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் யூபிஎஸ் போடுங்க. கார்த்திகை, மார்கழி மழைக்குத் தண்ணீர் ஏறும் இடத்தில் டிப்போ இருந்தால் கணினியை நிலத்தில் வைக்கவேண்டாம், சுவரில் இடுப்புயரத்துக்கு மேல் தட்டு அடியுங்க.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம். சந்தா டொலரிலா ரூபாவிலா? 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதம் 360 ஐத் தாண்டியது. டொலரில் கட்டியவர்களுக்கு அதே மென்பொருள் இரண்டு மாதத்தில் ஒன்றே முக்கால் மடங்கு விலையானது. ரூபாவில் வாங்குங்க, அல்லது ஏற்றத்துக்கு ஒரு உச்சம் போடுங்க. அடுத்தது, விட்டுப் போகும்போது முழுத் தரவும், பில் வரி வரியாக, எக்செலில் திறக்கக்கூடிய வடிவில், கட்டணமில்லாமல் தரவேணும் என்று எழுதுங்க. "தரவு தருவோம்" என்று மட்டும் எழுதினால் நிலுவைத் தொகை மட்டும் ஒரு தாளில் வரும். விவசாயிகளின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இதற்குள் போகிறது. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, யார் யாருக்கு அந்த எண்கள் தெரியும் என்பதை இப்போதே குறுக்கி வையுங்க.


பதில்: வந்தாறுமூலை

மேலே எழுதுவது பற்றிய கேள்விக்கு வருகிறேன். நிறுவனத் திட்டத்தையும் தகவல் தொழில்நுட்பத்தையும் பொருத்துவது பற்றி ஹென்டர்சன், வெங்கட்ராமன் என்ற ஆய்வாளர் இருவரும் 1993 இல் சொன்ன படத்தில் நாலு மூலை உண்டு: வியாபாரத் திட்டம், தொழில்நுட்பத் திட்டம், நிறுவனத்தின் அன்றாட அமைப்பு, கணினி அமைப்பு. பலர் மேல் மூலைகளான இரண்டு திட்டங்களையும் மட்டும் பொருத்திவிட்டுக் கீழ் மூலைகள் தானே பொருந்தும் என்று விட்டுவிடுகிறார்கள். உங்கட இரவு 7 மணிப் பதிவு அந்தக் கீழ் மூலைதான்.

நடு முகாமையாளரைப் பற்றி ஃபுளொய்ட், வூல்ட்ரிட்ஜ் 1992 இல் நாலு வேலை பிரித்தார்கள். இரண்டு கீழ்நோக்கி: எடுத்த முடிவை நிறைவேற்றுவது, ஆட்கள் மாறப் பழக இடம் கொடுப்பது. இரண்டு மேல்நோக்கி: கீழே நடப்பதைத் தொகுத்து அர்த்தத்தோடு சொல்வது, மாற்று வழியை முன்வைத்து அதற்காக நிற்பது. எங்கட ஊரில் இது புதிதில்லை. வயல்வெளியின் தண்ணீரைப் பார்க்கிற வட்டைவிதானை செய்தது இதுதான். தண்ணீர் திறக்கும் நாளைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். எந்த வரம்பு உடைந்து கிடக்கு, எந்த வாய்க்கால் கடைசி வயலுக்குத் தண்ணீர் சேராது என்பதைக் கூட்டத்தில் சொல்லவேண்டியவர் அவர். சொல்லாமல் இருந்துவிட்டுத் திறக்கிற நாளில் மண்வெட்டியோடு ஓடினால் கடைசி வயல் காயும்.

ஆகவே "முடியாது" என்று எழுதவேண்டாம். ஒரு பக்கத் தாள், நாலு நெடுவரிசை. முடிவு, அது நடக்கும் இடமும் ஆளும், இப்போ அங்கே இல்லாதது, எந்தத் திகதிக்கு எது ஓடும். அடியில் மேலிடம் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவுகள், உங்கள் விசயத்தில் மூன்று: 21 யாருக்கு, ஈரக் கழிவு எந்தக் கணக்கில், கடன் மீற யார் யாருக்கு உரிமை. ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு தெரிவும் ரூபாவில் விளைவும். கையெழுத்துக்கு இடம் விடுங்க.

திகதிக்கு ஒரு வரைபு தருகிறேன், மாற்றிக்கொள்ளுங்க. கார்த்திகை, மார்கழியில் மழைக்கு லொறி ஓட்டம் குறையும், அந்த இரண்டு மாதமும் கடைப்பட்டியல் துப்புரவும் எழுத்துரு மாற்றமும். தை மாதம் ஒரே ஒரு டிப்போவில் கடன் நிறுத்தம், களுவாஞ்சிகுடி என்று வையுங்க, சின்னது, ஆலையிலிருந்து போய் வரலாம். பெப்ரவரி, மார்ச் பெரும்போக நெல்லுக்கு மென்பொருள் வேண்டாம். ஈரமானியும் மூன்று பிரதி எண்ணிட்ட சீட்டும் மட்டும். புது விதியையும் புதுக் கணினியையும் ஒரே வாசலில், 40 உழவு இயந்திரம் வரிசையில் நிற்கும்போது பழக்கமுடியாது. சித்திரை வருசம் கழிந்தபின் மே, ஜூனில் மற்ற மூன்று டிப்போவும். ஆகஸ்ட் சிறுபோகத்தில் தராசுக் கம்பி, அப்போது வருகிற நெல் குறைவு, பிழைத்தாலும் தாங்கும். அடுத்த பெரும்போகம் முழுவதும் கணினியில்.

மேலிடம் கேட்டது "பெரும்போகம்". இந்தத் தாளின்படி பெரும்போகத்தில் ஈரம் பார்த்து வாங்குவது உண்மையில் நடக்கிறது, கணினி மட்டும் பின்னால் வருகிறது. அதை முதல் வரியிலேயே எழுதுங்க.


சம்மாந்துறை மில்:

மிக்க நன்றி. ஒன்று மட்டும் மிச்சம். ரெப்மாரில் நாலைந்து பேர் 15 வருசத்துக்கு மேல் இருக்கிறவர்கள். "போன் வந்தா நாங்க எங்க நிற்கிறம் என்டு பார்க்கத்தான்" என்று பேச்சு அடிபடுகிறது.


பதில்: வாவிக்கரை

அந்தப் பயத்துக்கு வாயால் பதில் சொல்லி முடியாது, கொமிசனில் சொல்லவேணும். ரெப்மாருக்குக் கொமிசன் இப்போ விற்பனையில்தானே? அப்படியிருக்கும்வரை 21 நாள் முடிவு அவர்களுக்கு நட்டம், மென்பொருள் அந்த நட்டத்தைக் கொண்டுவருகிற கருவி. கொமிசனை வசூலான பில்லுக்கு மாற்றுங்க: 21 நாளுக்குள் காசானால் முழு வீதம், 30 வரை முக்கால், அதற்குப் பிறகு பாதி என்ற மாதிரி. மாறும் மூன்று மாதமும் பழைய கணக்கு, புதிய கணக்கு இரண்டையும் போட்டு, எது கூடவோ அதைக் கொடுங்க. அந்த வித்தியாசத்தைச் செலவாக ஒரு பக்கத் தாளில் இப்போதே காட்டிவிடுங்க, பின்னால் கேட்டால் தரமாட்டார்கள். போனில் இடம் பார்க்கும் வசதி இருந்தால், பில் அடிக்கும் நிமிசத்தில் மட்டும் பதிவு என்று குறுக்கி, அதை எழுத்தில் அவர்களுக்குக் கொடுங்க.

பழக்குவது டிப்போவிலேயே, லொறி திரும்பியபின் ஒரு மணித்தியாலம், மூன்று நாள். முதல் நாள் பில், இரண்டாம் நாள் வசூலும் செக்கும், மூன்றாம் நாள் திரும்பிய சரக்கு. மட்டக்களப்பில் மண்டபம் எடுத்து ஒரு நாள் முழுக்க நடத்தினால் சாப்பாடு மட்டும்தான் நினைவில் நிற்கும். கல்முனை, அக்கரைப்பற்றில் வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆவோடு நாள் உடைந்துவிடும். நோன்பு மாதத்தில் மாலை வகுப்பும் வேண்டாம்.

கொப்பியும் கணினியும் சேர்ந்து ஓடும் காலம் இரண்டு கிழமைக்கு மேல் போகக்கூடாது. நீண்டால் கொப்பிதான் உண்மை என்றாகி, கணினி மறுபடி இரவு 7 மணிக்குப் போய்விடும். அந்த இரண்டு கிழமையும் ஒவ்வொரு நாளும் டிப்போ மூட முதல் மூன்று எண்ணை மட்டும் ஒப்புப் பாருங்க: மொத்த விற்பனை, கைக்காசு, மூடை இருப்பு. ஐந்து நாள் தொடர்ந்து மூன்றும் பொருந்தினால் ஆறாம் நாள் கொப்பிகளை வாங்கி, திகதி போட்டு, உங்கட அலுமாரியில் பூட்டுங்க. இரவில் பதிகிற பிள்ளையை அன்றிலிருந்து கையில் உள்ள செக் கணக்குக்குப் பொறுப்பாக்குங்க. எந்தக் கடைக்காரரின் எழுத்து எப்படியிருக்கும் என்று அவவுக்குத்தான் தெரியும்.